ஒரே ஒரு புதுப் பாட்டு

பாராட்டு விழா என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரோடு இருக்கிற மனுஷனை நாற்காலியில் உட்கார வைத்து, சால்வையைப் போர்த்தி, செத்த பிறகு பேச வேண்டியதையெல்லாம் அவன் காதுபடப் பேசிப் பார்க்கிற ஒத்திகை அது. ஆனாலும் வைகுண்டராஜுக்குத் தேனியில் விழா எடுக்கப் போகிறார்கள் என்றதும் முதலில் தலையாட்டியவன் நான்தான். அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மாப்பிள்ளை. சாதி, மதம் பார்த்தால் எங்களுக்குள் அந்த முறை வர வழியே இல்லை. கம்பத்தில் அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? கூப்பிட்டால் கூப்பிட்ட முறைதான்.

என் பெயர் கலீல் ரஹ்மான். கம்பத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். இப்போது அதே கடையில் மைக் செட்டு வாடகைக்கு விடுகிறேன், செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறேன். சென்னையிலிருந்து பெரிய பெரிய கேமராவோடு வருகிற பிள்ளைகள் என் கடை வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். 'கம்பிப் பந்தல்' பிறந்த இடமாம். பிறந்தது இங்கே இல்லை, சுருளிப்பட்டியில் வைகுண்டராஜின் திராட்சைத் தோட்டத்தில் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். அவ்வளவு தூரம் போக அவர்களுக்கு நேரமில்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் போட்ட கேசட் அது. எட்டுப் பாட்டு. எழுதியது, மெட்டுக் கட்டியது, பாடியது எல்லாம் வைகுண்டராஜ். பதிவு நான். எங்கள் பக்கத்துத் திராட்சையெல்லாம் பந்தல்தான். கல்தூண் நட்டு, தூணுக்குத் தூண் கம்பி இழுத்துக் கட்டி, அதன் மேல் கொடியைப் படரவிடுவோம். கொடி தழைத்து நிற்கும்போது கம்பியைத் தட்டினால் 'தொப்' என்று ஊமையாகக் கேட்கும். கவாத்துப் பண்ணி, கொடியை ஒட்ட வெட்டிவிட்ட பிறகு தட்டிப் பார்க்க வேண்டும். தோட்டமே ரீங்காரம் போடும். அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு, கவாத்துக்கும் தளிருக்கும் நடுவில் கிடைத்த சில நாட்களில், மைக்கைத் துணியால் கம்பியோடு சேர்த்துக் கட்டி, கவாத்துக் கத்தரியால் தட்டித் தட்டிப் பதிவு பண்ணினோம். சுருதி சேர்க்க வேண்டும் என்று வைகுண்டராஜ் ஒரு வரிசைக் கம்பியைத் தளர்த்தியும் முறுக்கியும் விளையாடினான். அந்த வரிசைப் பந்தல் தொங்கிப்போய்விட்டது. அவன் அப்பா சின்னச்சாமி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஏலே, கொடி காய்க்கணுமா, பந்தல் பாடணுமா? ஒண்ணச் சொல்லித் தொலைங்கடா."

பந்தல் பாடியது. மேளமும் இல்லாமல், கீபோர்டும் இல்லாமல், கம்பிச் சத்தத்தின் மேல் ஒரு குடியானவன் குரல். அப்போது யாரும் அப்படிச் செய்யவில்லை. இன்றைக்கும் கேட்டால் எனக்குக் கை மயிர் சிலிர்க்கும். என் பதிவு என்பதற்காகச் சொல்லவில்லை.

கேசட்டைக் கடைகளில் போடக் கொடுத்தோம், போணியாகவில்லை. பரவியது வேறு வழியில். அந்தக் காலத்தில் பாட்டுப் பட்டியலோடு வெற்றுக் கேசட்டைக் கொண்டுவந்து பதியச் சொல்வார்கள். பட்டியல் முடிந்த பிறகும் நாடா கொஞ்சம் மிஞ்சும். மிச்சத்தைச் சும்மா விட்டால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் எல்லாக் கடைக்காரனும் கடைசியில் எதையாவது போட்டு நிரப்புவான். நான் வைகுண்டராஜின் பாட்டைப் போட்டு நிரப்பினேன். அப்படியே தேவாரம், சின்னமனூர், மேகமலை எஸ்டேட்டு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளம், திருப்பூர் என்று எங்கெங்கோ போய்விட்டது. பாட்டுப் போனது, பெயர் போகவில்லை. மிச்ச நாடாவில் வந்த பாட்டுக்கு யார் பெயர் எழுதப் போகிறார்கள்? "அது ஏதோ பழைய நாட்டுப்பாட்டுப்பா" என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அப்புறம் வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். பெயரில்லாத சொத்து ஆயிற்றே! திருவிழாப் பாட்டில் கம்பிச் சத்தம். கட்சிக்காரன் பிரசார வண்டியில் கம்பிச் சத்தம். ஜட்டி விளம்பரத்தில்கூடக் கம்பிச் சத்தம். கீபோர்டில் அது ஒரு பொத்தானாகவே வந்துவிட்டது. அமுக்கினால் போதும், சுருளிப்பட்டித் தோட்டம் 'ங்ஙொய்' என்னும். ஒரு மகராசன் பேட்டியில் அது ஆப்பிரிக்க வாத்தியம் என்று சொன்னான். தோட்டத்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த வைகுண்டராஜிடம் இதைச் சொன்னேன். "அப்ப எங்கப்பன் ஆப்பிரிக்காவுலயா தூண் நட்டாரு?" என்று கேட்டுவிட்டு மருந்தடிக்கப் போய்விட்டான்.

அவனுக்கு ஊரார் அடித்துக்கொண்டு போனதில் வருத்தமில்லை. அவன் வருத்தம் வேறு. 'கம்பிப் பந்தல்' போட்ட ரெண்டு வருஷத்தில் 'ரெண்டாம் போகம்' என்று இன்னொரு கேசட் போட்டான். அதில் கம்பி இல்லை. செய்ததையே எதற்குச் செய்ய வேண்டும் என்பது அவன் நியாயம். கேட்டவனெல்லாம் "கம்பி எங்கப்பா?" என்றான். அதோடு அது செத்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும், கல்யாண வீடோ இழவு வீடோ, அவனைப் பார்த்தால் ஒரே கேள்விதான்: "அதுக்கப்புறம் ஒண்ணும் போடலையாக்கும்?" ஆண்பிள்ளையை நடுச்சபையில் நிறுத்தி, "உனக்கு அந்த ஒண்ணுதானா?" என்று கேட்பது மாதிரி இருக்கும். அவன் மெல்ல மெல்ல முணுமுணுப்பதைக்கூட விட்டான். 'கம்பிப் பந்தல்' கேசட்டை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. யாராவது அதைப் போட்டால் எழுந்து போய்விடுவான்.

இப்படி இருக்கையில்தான் கயல் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மேகமலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, சென்னைக்குப் போய், இன்றைக்குப் பாட்டில் கொடி கட்டிப் பறக்கிற பெண். மற்றவர்கள் மாதிரி இல்லை. போகிற மேடையிலெல்லாம் "எனக்குப் பாட்டுன்னா என்னன்னு காட்டுனது கம்பிப் பந்தல்" என்று பெயர் சொல்லிப் பேசுகிறவள். சுருளிப்பட்டித் தோட்டத்துக்கே தேடி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் நுழைந்தாள். எனக்கு அவள் பாட்டுப் பிடிக்காது. தடதடவென்று ஒரே இடி. ரோட்டில் காதில் விழுந்திருக்கும், உட்கார்ந்து கேட்டதில்லை. ஆனால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

"ஐயா, முப்பதாவது வருசம். தேனியில பெருசா ஒரு விழா வைக்கிறோம். எங்க ஆளுக எல்லாரும் உங்க பாட்டப் பாடுறோம். நீங்க வந்து உக்காந்தா மட்டும் போதும்" என்றாள்.

"உக்கார மாட்டேன்த்தா" என்றான் வைகுண்டராஜ். "பழச நீங்க என்ன வேணா பாடிக்கங்க. கடைசியா நான் ஒரு பாட்டுப் பாடுவேன். புதுசு. அதுக்குச் சம்மதம்னா வாரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ வருஷமாய்ப் பாட்டே இல்லாதவன்! அவன் மனைவி அனுசுயா என்னைத் தனியே கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "நாலு மாசமா முணுமுணுன்னு பாடிக்கிட்டேதான் திரியிறாக அண்ணே. பாட்டு வந்ததுலருந்து சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுறாக. நான் வாயத் தொறக்கல. கேட்டா நின்னுபோயிருமோன்னு பயமா இருக்கு" என்றாள்.

நானும் பாடிக் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன், அதட்டினேன். அசையவில்லை.

"பூசணிப் பிஞ்ச வெரல நீட்டிக் காட்டுனா வெம்பிப் போகும்னு தெரியாதா மாப்ள? மேடையில கேளு."

தோட்டக்காரன் புத்தி. பூசணிப் பிஞ்சுக்குச் சரி, பாட்டுக்குமா? ஆனால் அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். "அந்த ஒண்ணுதான்னு சொன்னவனெல்லாம் அங்கன இருக்கணும் மாப்ள. அவனுக மூஞ்சிய நான் பாக்கணும்" என்றான். எனக்கும் அதே ஆசைதான். தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் போன் போட்டு, வந்தே தீர வேண்டும் என்று மிரட்டினேன்.

விழா தேனியில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில். சாயங்காலமே இடமில்லை. மாமரத்தில் பூ பிடித்த மாதிரி கூட்டம், அத்தனையும் இளவட்டம். கையில் செல்போன். வைகுண்டராஜ் வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருத்தராய் வந்து பழைய பாட்டுகளைப் பாடினார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். ஒரு பேராசிரியர் கம்பிக்கும் காவேரிக்கும் சம்பந்தம் கண்டுபிடித்தார். எங்கள் பக்கம் ஓடுவது முல்லையாறு என்று கத்த வாயெடுத்தேன். அனுசுயா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கடைசியாக அவன் மேடை ஏறினான். வாத்தியம் எதுவும் வேண்டாம் என்று கையைக் காட்டினான். மைக்கைப் பிடித்தான். "இது புதுசு" என்று மட்டும் சொன்னான். கூட்டத்தின் கைதட்டலில் அந்த வார்த்தை பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.

"ஆத்துல தண்ணி வந்திருச்சே, அங்கன நில்லு மவளே..."

குரல் உடைந்திருந்தது. உடைந்ததும் ஒரு அழகாகத்தான் இருந்தது. எனக்குக் கண் கரித்தது. முதல் அடி முடிந்து இரண்டாவது அடிக்குப் போகும்போது கூட்டத்தில் ஒரு முனகல் கிளம்பியது. பின்வரிசையில் ஒரு பெண் கூடச் சேர்ந்து பாடினாள். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் நூறு. வைகுண்டராஜ் நிமிர்ந்து பார்த்தான். அவன் சிரித்த சிரிப்பை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். இப்போதுதான் பாடுகிற பாட்டு, அதற்குள் ஜனம் கூடப் பாடுகிறதே! அப்படித்தான் அவன் நினைத்திருப்பான். நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். மடையன்.

ஏனென்றால் அவர்கள் பாடியது அவன் வார்த்தை இல்லை. "மேகம் எறங்கி வந்திருச்சே, மெல்லக் கதவத் தெற" என்று பாடினார்கள். கயலின் பாட்டு. ரெண்டு வருஷமாய் எல்லார் போனிலும், பஸ்ஸிலும், திராட்சை ஏற்றிப் போகிற பிக்கப் வண்டியிலும் ஓடுகிற பாட்டு. மண்டபமே எழுந்து நின்று செல்போன் விளக்கை அசைத்துக்கொண்டு பாடியது. வைகுண்டராஜ் இன்னும் ரெண்டு வரி தன் வார்த்தையைப் பாடிப் பார்த்தான். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. அப்புறம் வாயை மூடிக்கொண்டு மைக்கோடு நின்றான். கயல் ஓரத்திலிருந்து ஓடி வந்து, அழுதுகொண்டே அவன் காலில் விழுந்தாள்.

"என் பாட்ட நீங்க பாடுவீகன்னு நெனைக்கவே இல்லைய்யா" என்றாள் மைக்கில். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல்.

நான் அப்போதுதான் கண்டுகொண்டேன். இடி முழக்கமெல்லாம் இல்லாமல், ஒற்றைக் குரலில் கேட்டதும் மெட்டு எலும்பும் தோலுமாய்த் தெரிந்துவிட்டது. அது கயலின் பாட்டும் இல்லை. 'கம்பிப் பந்தல்' கேசட்டில் எட்டாவது பாட்டு! ரெண்டாம் பக்கத்தில் நாடா கொஞ்சம் மிஞ்சுகிறதே என்று தோட்டத்தில் நின்ற நிலையில் அவன் கட்டியது. "கவாத்துப் பட்ட கொடியாட்டம் கண்ணீராச் சொட்டுறேன்." வெட்டுப்பட்ட கொடி நுனியில் நீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே பாடினான். ஒரே தரம்தான் பாடினான். பதிந்தேன். சின்னப் பாட்டு, மிச்ச நாடாவுக்கு அளவாய் இருக்கும். நான் எல்லார் கேசட்டிலும் அதிகமாய் நிரப்பியது அதைத்தான்.

மேடைக்குப் பின்னால் மணமகள் அறையில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடியைச் சுற்றி பல்பு எரிகிற அறை. சால்வைகளை மடியில் வைத்துக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி குனிந்திருந்தான். அனுசுயாவும் கயலும் பக்கத்தில் நின்றார்கள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். கயலைப் பார்த்ததும் கத்தினேன்.

"யாரு பாட்ட யாரு பாடுனது? அது எங்க பாட்டுத்தா! கம்பிப் பந்தல்ல கடைசிப் பாட்டு!"

அவள் மிரண்டுபோனாள். "இல்ல மாமா. நெட்டுல ஏழு பாட்டுத்தான இருக்கு? ஏழும் எனக்கு மனப்பாடம்."

"ஏழா? எவன் ஏத்துனது? நாடா அறுந்த கேசட்ட வச்சு ஏத்திருக்கான். எட்டு!"

நான் பழைய வார்த்தையைப் பாடிக் காட்டினேன். என் குரல் கழுதைக் குரல். ஆனாலும் ரெண்டாவது வரியில் அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அது எங்கம்மா பாடுற தாலாட்டு மாமா" என்றாள். அவள் அம்மா பஞ்சம்மாள் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். "தொழிலுக்குப் போயிட்டு வந்து அதப் பாடித்தான் தூங்க வைக்கும். வார்த்தையெல்லாம் வேற. அம்மாவே சொந்தமாப் போட்டதுன்னு நெனச்சேன். அம்மா ஞாபகமா எடுத்து... சத்தியமாத் தெரியாது மாமா."

பொய் சொல்கிற முகம் இல்லை. எஸ்டேட்டுக்குப் போன ஏதோ ஒரு கேசட்டின் வாலில் என் கடைப் பதிவு ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. யாரைத் திட்டுவது? திட்ட ஆளில்லாத கோபம் மாதிரி வயிற்றெரிச்சல் உலகத்தில் இல்லை.

கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூட்டம் இன்னும் கலையல. இப்பவே போய்ச் சொல்லிர்றேன். அது ஐயா பாட்டு, நாந்தான் எடுத்துப் பாடிருக்கேன்னு சொல்லிர்றேன்" என்று வாசலுக்குப் போனாள்.

"நில்லுத்தா" என்றான் வைகுண்டராஜ்.

மடியில் இருந்த சால்வைகளை ஒதுக்கி வைத்தான்.

"போய் என்னான்னு சொல்லுவ?"

"உங்க பாட்டுன்னுய்யா."

"எம் பாட்டுத்தான். முப்பது வருசத்துக்கு முந்தின பாட்டு. 'இது புதுசு'ன்னு மைக்குல சொல்லிட்டுல்ல பாடுனேன்? புதுசு புதுசுன்னு சொல்லிட்டு கெழவன் பழசையே கக்கிட்டுப் போனான்னு சிரிப்பாக. இப்ப என்ன நெனச்சிருக்காக? சின்னப்புள்ள பாட்டப் பெரிய மனுசன் பாடிட்டுப் போறாருன்னு நெனச்சிருக்காக. அதுவே இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப உங்க பாட்டு...?"

"உம் பாட்டாவே இருக்கட்டும்த்தா. உங்கம்மா பாடுச்சுல்ல."

கயல் விம்மினாள். அனுசுயா அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை. நானே மேடைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று திரும்பினேன். வைகுண்டராஜ் என் கையைப் பிடித்தான். கம்பி முறுக்கிய கை, அதில் இன்னும் பலம் இருந்தது.

மைக் செட்டுக்காக வைத்திருக்கிற என் ஆம்னி வேனில்தான் திரும்பினோம். அனுசுயா பின்னால் சால்வைகளோடு உட்கார்ந்திருந்தாள். வீரபாண்டி தாண்டியது. எனக்கு வாய் நிற்காதே. "எப்படிடா ஒனக்கே தெரியாமப் போச்சு? நீ போட்ட பாட்டு!" என்று கேட்டுவிட்டேன்.

"பிக்கப்புல கேட்டிருப்பேன் போல" என்றான். "காய் ஏத்தும்போது ஓடும். நல்லாருக்கேன்னு நெனச்சிருக்கேன். அதுதான் உள்ள போய் உக்காந்துருக்கு. எட்டாவது பாட்டுன்னு ஒண்ணு போட்டதே எனக்கு ஞாபகத்துல இல்ல மாப்ள."

"பாத்தியா? நல்லாருக்குன்னு நெனச்சேல்ல? அது ஒன் பாட்டு. அந்தப் புள்ள கிட்டருந்து நீ எடுக்கல. ஒன் பாட்டுத்தான் ஊரெல்லாம் சுத்திட்டு ஒங்கிட்டயே வந்துருக்கு. இன்னைக்கு மண்டபமே எந்திரிச்சு நின்னு பாடுச்சே, யாரு போட்டது? நீ போட்டது. இதுக்கு மேல என்னடா வேணும் ஒருத்தனுக்கு?"

தேற்றத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தான். சின்னமனூர் வயல்வெளி இருட்டில் போய்க்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ளையோடதா இருந்தா என்ன, என்னோடதா இருந்தா என்ன மாப்ள" என்றான். "புதுசில்லேல்ல."

பின்னால் அனுசுயா அழுகிற சத்தம் கேட்டது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவன் சொன்னது சரி. புதுசில்லைதான்.